தாடையில் ஏறிய எடை

தொட்டிக்காட்டுப்புதூரில் குழந்தையின் எடையை வீட்டு வாசல் நிலைக்கட்டையில் எழுதி வைப்பது வழக்கம். மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை பால்வாடியில் எடை போட்டு முடிந்ததும் ஆயா சாமியாத்தாள் ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவாள், போன மாத எண்ணை முந்தானையால் துடைத்துவிட்டு இந்த மாத எண்ணை எழுதுவாள், விருந்தாளி வந்தால் செருப்பைக் கழற்றும்போதே அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவான், குழாயடியில் சண்டை வந்தால் ஒருத்தி இன்னொருத்தி வீட்டு நிலையைக் காட்டி ஏசுவாள், காலை ஏழு மணிக்குத் தேங்காய் நார் மில்லுக்குப் போய்ப் பொழுது சாய்ந்து தலையெல்லாம் நார்த்தூசியோடு திரும்பும் தாய்மாருக்குப் பிள்ளையை உற்றுப் பார்க்க நேரம் கிடையாது, நிலையைப் பார்ப்பார்கள், எண் ஏறியிருந்தால் பிள்ளை நன்றாக இருக்கிறது. அவ்வளவுதான்.

அந்த எண்ணைத் தருகிறவள் வசந்தாமணி டீச்சர். புருஷன் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம், பிள்ளை இல்லை, பால்வாடியில் பத்தொன்பது வருஷம். அவள் கைக்கு ஒரு கணக்கு இருந்தது. குழந்தையைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி ஒரு மூச்சு நேரம் வைத்திருந்துவிட்டு, "எட்டு நானூறு" என்பாள். அப்புறம் தராசில் தொங்கவிட்டால் முள் எட்டு நானூறில் நிற்கும். ஐம்பது கிராம் முன்னே பின்னே போனால் தராசில்தான் கோளாறு என்று ஊர் சொல்லும்.

ஐப்பசி மழையில் தராசின் ஸ்பிரிங் துருவேறி அறுந்தது. புதுத் தராசு கேட்டு எழுதிப் போட்டாள். வரும் என்றார்கள். வரவில்லை. அந்த மாதம் நாற்பத்தொரு பிள்ளைகளையும் கையால் தூக்கியே எழுதினாள். அடுத்த மாதம் முழங்கால் வலி, பதினொரு பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட்டாள், மற்ற முப்பதுக்கும் போன மாத எண்ணோடு இருநூறு கிராம் கூட்டி எழுதினாள். நல்லபடி வளர்கிற பிள்ளை மாதம் இருநூறு ஏறும், பயிற்சியில் சொன்னதுதான். மார்கழியில் அந்தப் பதினொன்றையும் தூக்கவில்லை. ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் நாற்பத்தொரு இருநூறும் எழுதி முடிந்தது. சாமியாத்தாள் சாக்பீஸோடு கிளம்பிப் போனாள். ஊர் நிலைகளெல்லாம் ஏறின.

மாசியில் விழா வைத்தார்கள். சுற்று வட்டாரத்தில் எல்லாப் பிள்ளையும் வளர்ச்சி அட்டையில் பச்சைக் கோட்டுக்குள் இருக்கிற ஒரே ஊர் என்று பச்சை வண்ணத்தில் ஒரு போர்டு செய்து ஊர் முகப்பில் நட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர் நாட்ராயன் வசந்தாமணிக்குப் பொன்னாடை போர்த்தி, "எங்க டீச்சரு பிள்ளைங்களைக் கண்ணால பார்த்தே சதை போட வெச்சிருவாங்க" என்றார். கை தட்டினார்கள். வசந்தாமணி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் காலை அவள் கண்ணாடியில் பார்த்தபோது காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் தாடை ஓர் எலுமிச்சம்பழ அளவு புடைத்திருந்தது. வலி இல்லை. தொட்டால் கல். பங்குனியின் இரண்டாம் செவ்வாய் எடை எழுதிய மறுநாள் எலுமிச்சை சாத்துக்குடி ஆயிற்று. சித்திரையில் கொப்பரைத் தேங்காய். தாடை பெருக்கப் பெருக்க, தோள் இறங்கியது, கை மெலிந்தது, ரவிக்கை தொளதொளத்தது, கொலுசு கணுக்காலைத் தாண்டி நழுவி விழுந்தது. உடம்பில் குறைந்ததெல்லாம் ஒரு குண்டுமணி வீணாகாமல் தாடைக்குப் போய்ச் சேர்ந்தது. நார் மில்லில் நார்க்கட்டு நிறுக்கிற மேடைத் தராசில் மேஸ்திரி அவளை ஏற்றிப் பார்த்தார். ஐம்பத்து நான்கு. அடுத்த மாதமும் ஐம்பத்து நான்கு. அதற்கு அடுத்த மாதமும் அதே.

"ஆள் அதேதானுங்க" என்றார் மேஸ்திரி. "சாமானம்தான் இடம் மாறியிருக்குது."

டவுனில் ஒரு பல் டாக்டரம்மா இருந்தாள். சின்ன வயசு. தாடையை அழுத்திப் பார்த்தாள், படம் எடுத்தாள், நாடா வைத்து அளந்தாள்.

"தூக்கத்துல பல்லைக் கடிக்கறீங்க. மனசுல பயம் இருந்தா சிலபேருக்கு அப்படி வரும். கடிக்கக் கடிக்க இந்தச் சதை பெருக்கும். ஆனா உடம்பு இளைச்சா இதுவும் கூடவே இளைக்கணும்மா. உங்களுக்கு உடம்பு இளைக்குது, இது பெருக்குது. நான் படிச்ச புஸ்தகத்துல இப்படி இல்லை." அவள் பேனாவை மூடினாள். "எதுக்காவது பயப்படறீங்களா?"

"இல்லீங்க" என்றாள் வசந்தாமணி.

டாக்டரம்மா பல்லுக்கு இடையில் வைத்துக்கொள்ள ஒரு ரப்பர் தகடு கொடுத்தாள். முதல் நாளே அது இரண்டு துண்டாயிற்று.

ஊர் என்ன செய்தது? முதலில் குழாயடியில் பேசிப் பார்த்தது. "ஏனுங் டீச்சரு, தூக்கத்துல பல்லைக் கடிக்கறீங்களா, இல்லை பாக்கு இடிக்கறீங்களா? எங்கூட்டு நாய் உங்க ஊட்டுப் பக்கமே தலை வெச்சுப் படுக்கறதில்லீங்க." சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது. பழகியதும் உபயோகம் கண்டுபிடித்தது. சோடா மூடி திறக்காவிட்டால் டீச்சரிடம் கொண்டு வந்தார்கள், சைக்கிள் நட்டு துருப்பிடித்து இறுகினால் டீச்சரிடம் கொண்டு வந்தார்கள், நாரில் விழுந்த முடிச்சு கத்திக்கும் அசையாவிட்டால் டீச்சரிடம் கொண்டு வந்தார்கள், மட்டை உரிக்கிற மிஷின் நின்ற அன்று மில்லில் எட்டு மணி நேரம் அவள் பல்லால் மட்டை கிழித்துக் கொடுத்தாள், மாரியம்மன் பண்டிகையில் சின்ன சப்பரத்தின் வடத்தை அவள் வாயில் கொடுத்தார்கள், சப்பரம் மூன்று வீதியும் சுற்றி நிலைக்கு வந்தது, அன்றிலிருந்து சில பெண்கள் அவள் தாடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள ஆரம்பித்தார்கள், சோறு உண்ணாத பிள்ளையிடம் "தின்னுடு கண்ணு, இல்லாட்டி டீச்சரு தாடையைக் காட்டுவாங்க" என்றார்கள், பிள்ளைகள் தின்றன, பெண் கொடுக்க வந்தவர்களுக்குக் கோயில், கிணறு, பச்சைப் போர்டு என்று வரிசையாகக் காட்டிவிட்டுக் கடைசியில் டீச்சர் வீட்டு வாசலில் நிறுத்திக் காட்டினார்கள். எதனால் இப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. காரணம் தெரிந்தவள் ஒருத்தி. அவள் வாய் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டு வந்தது. ஒரு விரல் நுழைகிற இடைவெளிதான் மிச்சம். கஞ்சியை உறிஞ்சிக் குடித்தாள். கும்பிட்டவர்களுக்குத் தலையை ஆட்டினாள்.

மேனகா முதல் தடவை வந்தது சித்திரையில்.

மில்லில் நார் திரிக்கிறவள். இருபத்திரண்டு வயசு. புருஷன் கேரளாவுக்கு லாரி ஓட்டுகிறான், மாதத்தில் நாலு நாள் வீடு. மற்ற நாட்களில் வீடு மாமியார் ரங்காத்தாளுடையது. மேனகாவின் பிள்ளை பிரணிகாவுக்கு அப்போது ஒன்றே கால் வயசு.

"டீச்சர், பிள்ளையைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்களேன்" என்றாள். "தூக்கினா தூக்கின மாதிரியே இல்லீங்க. துணியைத் தூக்கறாப்ல இருக்குது. எங்க அத்தைகிட்டச் சொன்னா, நெலையில எட்டு அறுநூறுன்னு போட்டிருக்குது, உனக்குக் கண்ணு நொள்ளையான்னு கேக்கறாங்க."

வசந்தாமணி பிள்ளையை வாங்கினாள். கை உடனே சொல்லிவிட்டது. ஆறு எண்ணூறு. கை பொய் சொன்னதே கிடையாது. புரட்டாசியில், தராசு உயிரோடு இருந்தபோது, இதே பிள்ளை ஏழு இருநூறு. ஏழு மாதத்தில் ஏறவில்லை, இறங்கியிருக்கிறது. பிள்ளை அவள் தாடையைப் பார்த்து அழக்கூட இல்லை. சும்மா பார்த்தது.

ஒன்றைத் திருத்தினால் நாற்பத்தொன்றையும் திருத்த வேண்டும். போர்டைப் பிடுங்க வேண்டும். பொன்னாடை பீரோவில் இருக்கிறது. இவ்வளவும் ஒரு நொடியில் ஓடியது. அப்போது ஆச்சரியமாக, ஒரு விரல் மட்டும் நுழைகிற அந்த வாய் எண்ணெய் போட்ட கதவு மாதிரித் திறந்தது.

"நல்லாத்தான் இருக்குது பிள்ளை."

"நெசமாவாங்க டீச்சர்?"

"ஒடம்பு வாகு அப்படி. எலும்பு சன்னம்."

திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. மேனகா போகும்போது வசந்தாமணி இரண்டு பாக்கெட் சத்துமாவு கூடுதலாகக் கையில் திணித்தாள். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தாள். பச்சைக் கோட்டில் இருக்கிற பிள்ளைக்கு எதற்கு இரண்டு பாக்கெட் என்று ரங்காத்தாள் அதைக் கன்றுக்குட்டிக்குக் கரைத்து ஊற்றினாள். வைகாசியில் அந்தக் கன்றுக்குட்டி தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கொழுகொழுவென்று ஆயிற்று. வசந்தாமணி அதைத் தினமும் பார்த்துக்கொண்டு பால்வாடிக்குப் போனாள். பார்க்காமல் போக வேறு வழி இருந்தது. சுற்று வழி. அதில் ஒரு நாளும் போகவில்லை.

இரண்டாவது தடவை மேனகா ஆனி மாதம் வந்தாள். இந்த முறை மில்லுக்கு மட்டம் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"ஒரு சீட்டு எழுதிக் குடுங்க டீச்சர். பெரிய ஆஸ்பத்திரிக்கு. நீங்க எழுதினா அத்தை விட்ருவாங்க. அவரும் போன்ல, டீச்சரு சொல்லட்டும், அப்பறம் பாக்கலாம்னு சொல்லீட்டாரு. நான் சொல்றதை ஒருத்தரும் காதுல வாங்கறதில்லீங்க. நெலையைக் காட்டறாங்க. நெலையைப் பாரு நெலையைப் பாருங்கறாங்க. நான் பிள்ளையைப் பாக்கறனுங்க."

வசந்தாமணி பிள்ளையைத் தூக்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள், கை ஆறரை என்றது. சொல்லத்தான் நினைத்தாள். சத்தியமாக நினைத்தாள். 'ஆ' என்று வாயெடுத்தாள். ஆறரை என்பதன் முதல் எழுத்து. தாடை பூட்டிக்கொண்டது. இரண்டு கையாலும் மோவாயைப் பிடித்துக் கீழே இழுத்தாள், அசையவில்லை, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் ஒரு காகிதம்கூட நுழையாது.

"வலிக்குதுங்களா டீச்சர்?" என்றாள் மேனகா. பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். "இருங்க. அலட்டிக்காதீங்க. நான் அப்பறம் வரனுங்க."

தாடை பூட்டிக்கொண்டது என்று பிற்பாடு வசந்தாமணி எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கலாம். ஊர் நம்பியிருக்கும். ஆனால் கை பூட்டிக்கொள்ளவில்லை. மேசைமேல் நோட்டு இருந்தது. பேனா மூடி திறந்தே இருந்தது. ஒரு வரி போதும். அவள் அந்தத் தண்ணீரைப் பல் இடுக்கில் உறிஞ்சிக் குடித்துவிட்டு, மேனகா தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த இரண்டாம் செவ்வாய் வந்தது. பிரணிகாவின் பெயருக்கு நேரே ஒன்பது இரண்டு சைபர் சைபர் என்று எழுதினாள். எழுத்து அழகாகத்தான் வந்தது. மறுநாள் தாடை தோளைத் தொட்டது.

ஆடி மழையில், மில்லுக்கு மட்டை ஏற்றி வந்த லாரி ஊர் முகப்பில், அந்தப் பச்சைப் போர்டுக்குப் பத்தடி தள்ளிச் சேற்றில் புதைந்தது. டிராக்டரைக் கட்டி இழுத்தார்கள். டிராக்டரும் புதைந்தது. பகல் பதினொரு மணி. நாட்ராயன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "டீச்சரைக் கூப்புடுங்க" என்றார். ஒருவருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. சாமியாத்தாள் பால்வாடிப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு வந்து ஓரமாக உட்கார வைத்தாள். மில்லில் சங்கு ஊதிப் பெண்களையெல்லாம் வெளியே விட்டார்கள். பெரிய வடத்தின் ஒரு முனையை லாரியில் கட்டி மறுமுனையை வசந்தாமணியின் பல்லுக்குக் கொடுத்தார்கள். அவள் கடித்தாள். குச்சிக் கை இரண்டையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். லாரி முனகியது. ஊர் ஓவென்று கத்தியது. முன் சக்கரம் சேற்றிலிருந்து ஒரு சாண் எழும்பியது.

"விடாதீங்க டீச்சரு! இன்னொரு இழுப்பு! தாடைக்காரிடி எங்க டீச்சரு!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரங்காத்தாள் முன்னால் வந்தாள். இடுப்பில் பேத்தி. பின்னால் மேனகா, நார்த்தூசி படிந்த முகத்தோடு, பிள்ளைக்காகக் கையை நீட்டிக்கொண்டே.

"பாருங்க சாமி, எல்லாரும் பாருங்க!" என்றாள் ரங்காத்தாள். பிள்ளையின் பாவாடையைத் தூக்கி இரண்டு காலையும் காட்டினாள். பாதம் பன் ரொட்டி மாதிரி உப்பி மினுமினுவென்று இருந்தது. "எம் மருமக ஊரெல்லாம் போயி, பிள்ளை இளைச்சுது இளைச்சுதுன்னு மானத்தை வாங்கினாளே, இந்தக் காலைப் பாருங்க! ஒரே வாரத்துல எப்படிச் சதை போட்டிருக்குது! டீச்சரு எழுதினா அது சாமி எழுதின மாதிரி. சொல்லுங்க டீச்சரு, இவளுக்கு நல்லா ஒறைக்கற மாதிரி சொல்லுங்க!"

வசந்தாமணி வடத்தைக் கடித்தபடியே பார்த்தாள். பாதத்தை மட்டும் பார்த்தாள். ஒரு கையை நீட்டி, பெருவிரலை அந்தப் பாதத்தின்மேல் வைத்து அழுத்தினாள். எடுத்தாள். குழி விழுந்தது. குழி அப்படியே நின்றது. அவள் காத்திருந்தாள். ஊர் கத்திக்கொண்டிருந்தது. சேற்றில் மிதித்த கால்தடம் மாதிரி அந்தக் குழி மூடாமல் இருந்தது.

வாயைத் திறந்தாள்.

காதோரம் மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம், ரத்தம் கொஞ்சம், வடம் நழுவிச் சேற்றில் விழுந்தது, லாரி ஒரு பெருமூச்சோடு பின்னுக்குப் போய் முன்னைவிட ஆழமாக உட்கார்ந்தது. மட்டை பத்துப் பதினைந்து உருண்டது.

"அடடா! ஏனுங் டீச்சரு!" என்றார் நாட்ராயன்.

வசந்தாமணி ரங்காத்தாளின் இடுப்பிலிருந்து பிள்ளையை ஒரு மூச்சு தூக்கிப் பார்த்துத் திருப்பி வைத்தாள். "பொய்" என்றாள்.

"எதுங்க பொய்?"

"நெலையில எழுதினது. பூராவும். ஐப்பசியில தராசு அறுந்துபோச்சு. மார்கழியில இருந்து எடை எழுத ஒரு பிள்ளையைக்கூட நான் தூக்கலை. மாசம் இருநூறு கூட்டி எழுதினேன். இது சதை இல்லீங்கம்மா. நீரு. பிள்ளை பசியில வீங்கியிருக்குது. ஒம்போது இருநூறு இல்லை. ஆறு நானூறு. அதுலயும் நீரு இருக்குது."

சிலர் சிரித்தார்கள். டீச்சர் விளையாடுகிறாள் என்று. ரங்காத்தாள் சிரிக்கவில்லை. குனிந்து அந்தக் குழியை முந்தானையால் துடைத்தாள். அழுக்கைத் துடைக்கிற மாதிரி. மறுபடி துடைத்தாள்.

"எங்க தரணிஷு எவ்வளவுங்க?" என்று கூட்டத்திலிருந்து ஒருத்தி கேட்டாள். "பதினொன்னுன்னு போட்டிருக்குதே?"

"தெரியாது" என்றாள் வசந்தாமணி.

"எங்க பையன்?"

"தெரியாது."

"மிதுனிகா?"

"தெரியாது."

திறந்த வாய் இனி மூடுவதாக இல்லை. யாரும் கேட்காமலே அவள் சொல்லிக்கொண்டு போனாள், வருகைப் பதிவேட்டில் இருக்கிற வரிசையில், பத்தொன்பது வருஷமாகத் தினமும் காலையில் கூப்பிடுகிற அதே குரலில், ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லி, பெயருக்குப் பின்னால் தெரியாது, தெரியாது, தெரியாது என்று, சேற்று ஓரத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் தங்கள் பெயர் வந்ததும் பழக்கத்தில் "உள்ளேன் டீச்சர்" என்று எழுந்து நின்று உட்கார்ந்தன, தாய்மார் ஒவ்வொருத்தியாய்க் கூட்டத்தை விட்டுப் பிரிந்து தன் பிள்ளையிடம் போய்த் தூக்கினாள், தூக்கிவிட்டு மறு இடுப்புக்கு மாற்றினாள், மறுபடி மாற்றினாள், இப்போதுதான் யாரோ கையில் கொடுத்த பிள்ளை மாதிரி. நாற்பது தெரியாது. ஒன்றுதான் தெரியும்.

நாட்ராயன் மெதுவாகக் கேட்டார். "டீச்சரு. இந்த போர்டை என்ன பண்றதுங்க?"

தரணிஷின் அம்மா சேற்றை ஒரு கை அள்ளி எறிந்தாள். அது வசந்தாமணியின் தாடையில் பட்டது. அதே தாடையைத்தான் பண்டிகையன்று அவள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மேனகா எதையும் எறியவில்லை. மாமியார் இடுப்பிலிருந்து பிள்ளையை எடுத்தாள். ரங்காத்தாள் கொடுத்துவிட்டாள்.

"ரெண்டு தடவை வந்தனுங்களே டீச்சர்" என்றாள். சத்தமே இல்லை. "தண்ணி மொண்டு குடுத்தனே."

வசந்தாமணி திறந்த வாயோடு நின்றாள்.

நாட்ராயனின் கார் வந்தது. மேனகா பிள்ளையோடு பின் சீட்டில் ஏறினாள். ரங்காத்தாள் கதவைப் பிடித்தாள். மேனகா அவளைப் பார்க்காமல் வசந்தாமணியைப் பார்த்தாள்.

"நீங்க ஏறுங்க."

"நானா?"

"ஏறுங்க."

டவுன் ஆஸ்பத்திரியில் மெலிந்த பிள்ளைகளுக்கென்று ஒரு வார்டு. ஆறு கட்டில். சுவரில் வாத்துப் படம். மணிக்கணக்கு வைத்து, ஸ்பூன் கணக்கில் பால் கொடுத்தார்கள். முதல் இரண்டு நாள் பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. நர்ஸம்மா தினம் காலை ஆறரைக்கு எடை போட வருவாள். தட்டு மாதிரி ஒரு தராசு, எண் சிவப்பாக எரியும். முதல் நாளே மேனகா நர்ஸைத் தடுத்தாள்.

"இவங்க வெக்கட்டும். இவங்க சொல்லட்டும்."

"யாருங்க இவங்க? பாட்டியா?"

"இல்லீங்க" என்றாள் மேனகா. பிள்ளையை வசந்தாமணியின் கையில் கொடுத்தாள்.

வசந்தாமணி பிள்ளையைத் தட்டில் வைத்தாள். "ஆறு நானூறு" என்றாள். மறுநாள் "ஆறு இருநூத்தம்பது". அதற்கு மறுநாள் "ஆறு நூறு". மேனகா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாதத்து வீக்கம் வடிகிறது, நீர் போகிறது, எடை இறங்கித்தான் அப்புறம் ஏறும், இது நல்லதற்குத்தான் என்று டாக்டர் சொன்னார். மேனகா கேட்டுக்கொண்டாள். ஆனாலும் ஒவ்வொரு காலையும் வசந்தாமணி ஓர் இறங்கிய எண்ணை அந்த முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியிருந்தது. ஐந்து தொள்ளாயிரம். ஐந்து எண்ணூறு. ஐந்து எழுநூற்றைம்பது. ஐந்து அறுநூற்றைம்பது. ஐந்து அறுநூறு. ஒரு கிராம் கூட்டிச் சொல்லிவிடலாமா என்று ஒரு நாளும் தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். தினமும் தோன்றியது. தினமும் உள்ளதைச் சொன்னாள். பகலெல்லாம் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். மேனகா அவளோடு பேசுவதில்லை. பால் நேரம் வந்தால் ஸ்பூனை மட்டும் நீட்டுவாள், வசந்தாமணி கழுவிக்கொண்டு வந்து கொடுப்பாள்.

ஊரிலிருந்து சாமியாத்தாள் ஒருநாள் வந்தாள். நிலைகளையெல்லாம் பெண்களே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார்களாம். போர்டை நாட்ராயனே ஆள் விட்டுப் பிடுங்கிவிட்டாராம். புதுத் தராசு வந்ததாம். விசாரணைக்கு மேலிடத்திலிருந்து ஆள் வருவார்களாம். லாரி இன்னும் அங்கேயே கிடக்கிறதாம். "இன்னும் ஏழு பிள்ளைங்க மஞ்சள்ல நிக்குது" என்றாள். "சிவப்புல ஒன்னு. தரணிஷு." வசந்தாமணியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "தாடை எறங்கலையா டீச்சர்?" என்றாள்.

இறங்கவில்லை. வாய் நன்றாகத் திறக்கிறது, மூடுகிறது, பல் கடிப்பது நின்றுவிட்டது. தாடை அப்படியேதான் இருந்தது. சொல்லிவிட்டால் இறங்கிவிடும் என்று அவளும் கொஞ்சம் நம்பியிருந்தாள்.

ஒன்பதாவது நாள் காலை பிள்ளை அழுதது. பசி அழுகை. வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி. பாதம் சுருங்கித் தோல் தொங்கியது, குச்சிக் காலை உதைத்தது. நர்ஸம்மா தராசைக் கொண்டு வந்து வைத்தாள். வசந்தாமணி பிள்ளையைத் தூக்கினாள். கை சொல்லிவிட்டது. அவள் நம்பவில்லை. தட்டில் வைத்தாள். சிவப்பு எண் அலைந்து நின்றது.

"அஞ்சு அறுநூத்தி நாப்பது" என்றாள். "நாப்பது கிராம் ஏறியிருக்குது மேனகா."

மேனகா அவளையே பார்த்தாள். இறங்கிய எண்களை எட்டு நாளாக ஒரு வார்த்தை பேசாமல் நம்பியவள்.

"இன்னொருக்கா வைங்க" என்றாள்.

வசந்தாமணி எடுத்து, மறுபடி வைத்தாள். "அஞ்சு அறுநூத்தி நாப்பது."

"இன்னொருக்கா."

"ஏம்மா, அதுதான் எரியுதே, உனக்குக் கண்ணு தெரியலையா?" என்றாள் நர்ஸம்மா. "எனக்கு இன்னும் அஞ்சு கட்டில் இருக்குது."

"இன்னொருக்கா வைங்க டீச்சர்."

பிள்ளை வீறிட்டு அழுதது. வசந்தாமணி அதைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள். ஒரு மூச்சு நேரம் வைத்திருந்தாள். திரும்பவும் தட்டில் இறக்கினாள்.